கொடி ஏறும் முன் பிரம்பை மாற்றுங்கள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் விழாக்குழுத் தலைவர் மத்தூசின் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் மேலாற்று ஈபான் நீள்வீட்டுத் தலைவர் எம்பியாங் அவர்களே, சீனர் கடைத்தெருவின் சார்பில் வந்திருக்கும் லிங் சியூ ஹுவா அம்மையாரே, முன்வரிசை மீனவப் பெரியோர் பன்னிருவரே, பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார் முப்பத்தேழு பேரே, தூணில் சாய்ந்து நிற்கும் இளைஞர் பதினொருவரே! படைத்துக் காக்கும் இறைவன் பெயரால் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எண்ணித்தான் சொல்கிறேன். அந்தப் பதினொருவரும் வெள்ளிக்கிழமை ஊஞ்சலில் பாயப் பெயர் கொடுத்தவர்கள். அவர்களில் ஒருவன் என் மகன் ஹிப்னி.

என்ன விழா இந்த விழா! கடலுக்கு நன்றி சொல்லும் நம் மெலனாவ் மக்களின் கௌல், கதிருக்கு நன்றி சொல்லும் ஈபான் மக்களின் கவாய், இலையில் சோறு பொதிந்து படைக்கும் சீனர் திருநாள், மூன்றும் முதன்முறையாக ஒரே திடலில்! மகிழாத மனம் உண்டா? ஆனால் என் மனம் நடுங்குகிறது. ஏன் நடுங்குகிறது?

ஊஞ்சலுக்குப் புதுப் பிரம்பு வெட்டி, மூன்று நாள் ஆற்றில் ஊறவைத்து, விழாவுக்கு முதல்நாள் முறுக்கிக் கட்டுவது நம் வழக்கம். இந்த ஆண்டு, விருந்தினர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று மூன்று வாரம் முன்பே கட்டிவிட்டோம். மூன்று வாரமாக மழை இல்லை. வெயில் குடித்த பிரம்பில் ஆறாள் உயர மேடையிலிருந்து பிள்ளைகள் பாய்ந்து தொற்றப் போகிறார்கள். ஒருவர் மேல் ஒருவராக ஏழு பேர் தொங்கப் போகிறார்கள்.

நேற்று நான் அதை வளைத்துப் பார்த்தேன். ஓர் இழை முறிந்து கையோடு வந்தது. வீட்டில் காட்டினேன். ஹிப்னி சிரித்தான். "பேய்க்கே பயப்படாத ஆளு, பிரம்புக்குப் பயப்படுறீங்களேம்மா" என்றான்.

கடைசி வரிசையிலும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் கேளுங்கள். அதே இழையை எம்பியாங் ஐயாவிடம் கொண்டுபோனேன். மூக்கருகே வைத்துப் பார்த்தார். "இதுல பாய்கூட முடைய முடியாது, தங்கச்சி" என்றார். குழுவில் சொல்லலாமே என்றேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். லிங் அம்மாவின் மகனும் பெயர் கொடுத்திருக்கிறான். அவரிடம் போனேன். அவர் என் வாயைப் பொத்தினார். "நல்ல நாள் வர்ற நேரத்துல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க" என்றார்.

இதுதான், பெரியோரே, என்னை உறங்கவிடாத அச்சம்! விழாக் கொடி ஏறிவிட்டால் விழும் என்றோ முறியும் என்றோ நாம் சொல்லக்கூடாது. ஈபான் மக்களும் திருநாளில் கெட்ட சொல் சொல்வதில்லை. சீனரும் சொல்வதில்லை. அவரவர் ஊரில் அது அடக்கம். இன்று ஒரே திடலில் மூன்று மௌனங்களும் சேர்ந்து நிற்கின்றன. பார்த்தவர் பேசவில்லை, பேச வேண்டியவர் பார்க்கவில்லை. ஒருவர் பலகாரத்தை ஒருவர் உண்டோம், ஒருவர் பாட்டுக்கு ஒருவர் ஆடினோம். ஒருவர் பிள்ளைக்காக ஒருவர் வாய் திறக்க மாட்டோமா?

விழாக்குழுத் தலைவர் கையை உயர்த்துகிறார். அபசகுனமாய்ப் பேசாதே என்கிறார். ஐயா, இன்று செவ்வாய். கொடி வியாழன் மாலைதான் ஏறுகிறது. இன்று சொன்னால் இது எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை சொன்னால் ஒப்பாரி.

ஊறவைக்க மூன்று நாள் வேண்டும். அதனால் ஊஞ்சலை மட்டும் ஞாயிறுக்குத் தள்ளி வையுங்கள். மற்றவை குறித்த நாளிலேயே நடக்கட்டும். விருந்தினர் முகம் சுளித்தால் நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன். பிரம்பு வெட்ட எம்பியாங் ஐயா ஆள் தருவார். தருவீர்களா, ஐயா?

தலையசைக்கிறார். எல்லோரும் பாருங்கள், தலையசைக்கிறார்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். தலைவர் அவர்களே, பிரம்பு நாளைக் காலையே ஆற்றில் இறங்க வேண்டும். தயவுசெய்து இன்று கூட்டம் கலையும் முன் பதில் சொல்லுங்கள்.