ஆளில்லாத அறைகள்

– இல்ல லிண்டா, அந்தப் பக்கத்த மூடிடு. இனிமே நான் எதையும் விக்கறதா இல்ல.

– இன்னாக்கா நீ, ஒரே மாசத்துல பதினோரு ஆர்டர் வந்துகீது. ஸ்கூல்லேர்ந்து ரிட்டயராயி சாந்தோம் வீட்டுல சும்மா உக்காந்துகினு இருந்த. அட்டையிலயும் ஐஸ் குச்சியிலயும் கட்டிலு, பீரோ, ஜன்னலுன்னு குட்டி ரூமா பண்ண ஆரம்பிச்ச. நான் அத இன்ஸ்டாகிராம்ல போட்டேன். இப்ப எல்லாரும் கேக்கறப்ப வேணான்றியே.

– காரணம் இருக்கு. முழுசா கேளு, நடுவுல பேசாத.

– சரி டீச்சர்.

– முதல்ல வாங்கினது யாரு?

– கே.கே. நகர் ஸ்வர்ணலதா. மாமியார் ரூம போட்டோ எடுத்து அனுப்பி, அதே மாதிரி சின்னதா வேணும்னுச்சு.

– அந்தப் போட்டோல மாமியார் பங்கஜம்மா கட்டில்ல படுத்திருந்தாங்க. எனக்கு மனுஷங்கள செய்ய வராது, உனக்கே தெரியும். கட்டில காலியா விட்டு, போர்வைய மடிச்சுக் கால்மாட்டுல வெச்சேன். நாலே நாள்ல அந்தம்மா போயிட்டாங்க.

– எம்பத்தெட்டு வயசுக்கா.

– நானும் அப்படித்தான் மனச தேத்திக்கிட்டேன். ரெண்டாவது ஆர்டர், அடையாறு வெங்கடேஷ்.

– அப்பா பொறந்த நாளுக்குக் குடுக்கணும்னு கேட்டாரே.

– அவரேதான். அப்பா பேரு சிதம்பரநாதன். அறுபத்திரண்டு வயசு, தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கற மனுஷன். போட்டோல ஈஸி சேர்ல உக்காந்து, கண்ணாடி போட்டுக்கிட்டு பேப்பர் படிக்கறார். நான் வழக்கம்போல சேர காலியா வெச்சேன். ஏதோ குறையற மாதிரியே இருந்துச்சு. மெல்லிசா கம்பிய வளைச்சு ஒரு மூக்குக்கண்ணாடி செஞ்சு, சேரோட கை மேல வெச்சேன். ஒரு காம்பு மடங்கி, ஒண்ணு நீட்டிக்கிட்டு.

– பார்சல்ல ஒடஞ்சிடும்னு நீயே ஆட்டோல எடுத்துகினு போனியே.

– போனேன். வாசல்ல ஷாமியானா போட்டிருந்தாங்க. படியெல்லாம் செருப்பு. காலையில காபி குடிச்சுக்கிட்டே சாஞ்சிட்டாராம். ஹால்ல ஐஸ் பெட்டியில அவரு. பின்னால ரூம் கதவு தெறந்திருந்துச்சு. உள்ள அந்த சேர் காலியா இருந்துச்சு லிண்டா. கை மேல கண்ணாடி. ஒரு காம்பு மடங்கி, ஒண்ணு நீட்டிக்கிட்டு.

– அய்யோ.

– நான் செஞ்ச ரூம குடுக்கல. மடியில வெச்சுக்கிட்டே திரும்பி வந்தேன்.

– இத வெளிய சொன்னா சிரிப்பாங்கக்கா.

– யாரும் சிரிக்கல. ஸ்வர்ணலதா யார்கிட்ட என்ன சொல்லிச்சோ தெரியல. நீ காட்டின போட்டோவ எல்லாம் நேத்து உக்காந்து பாத்தேன். புதுசா வந்த பதினொண்ணுல பத்து, படுத்த படுக்கையா கெடக்கறவங்க ரூம். அதுல ஒருத்தி என்ன எழுதியிருக்கா, நீயே படி.

– “எத்தனை நாளில்?”னு கேட்டுகீது. டெலிவரியத்தான் கேக்குது.

– அவ அட்ரஸே குடுக்கல.

– சரிக்கா. பத்தும் வேணாம், கேன்சல் பண்ணிடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் குடு. அதோ டேபிள் மேல கீதே, பச்ச ஜன்னல் ரூம்.

– அது நேத்து சாயங்காலம் முடிஞ்சுது. அதையும் பிரிச்சுப் போடத்தான் போறேன். அந்தக் கத்தரிக்கோல எடு.

– பிரிக்காதக்கா. உன் கால்ல விழறேன், பிரிக்காத.

– ஏன் அழற? அது பெசன்ட் நகர் ஐரின்னு யாரோ கேட்டது. உனக்குத் தெரிஞ்சவளா?

– என் கூடப் படிச்சவ.

– அவ அனுப்பின போட்டோல ஆள் இல்ல. அதான் தைரியமா செஞ்சேன். கட்டிலோட கால்மாடு, ஆக்சிஜன் சிலிண்டர், பச்ச ஜன்னல், அவ்வளவுதான். லிண்டா, நீங்க போன மாசம் வீடு மாத்துனது பெசன்ட் நகருக்குத்தானே?

– ஆமா.

– மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் ஒரு தடவகூட ஏறல. ஜெஃப்ரி எந்த ரூம்ல இருக்கான்?

– அக்கா...

– மூச்சு விட முடியாம ஆறு வருஷமா கெடக்கறானே என் தம்பி, அவன் எந்த ரூம்ல இருக்கான்னு கேக்கறேன்.

– பச்ச ஜன்னல் ரூம்ல.

– உனக்கு முடியலன்னா என்கிட்ட கொண்டாந்து விட்டிருக்கலாமே. நான் பாத்துக்க மாட்டேனா? இத என் கையாலயே செய்ய வெச்சுட்டியே. கட்டின புருஷன், லிண்டா.

– நான் இல்லக்கா. பங்கஜம்மா விஷயத்த அவருகிட்ட சொன்னது மட்டும்தான் நானு. படுத்துகினே அந்தப் போட்டோவ எடுத்தது அவரு. “என் ரூம்னு தெரிஞ்சா அக்கா செய்ய மாட்டா, ஐரின் பேர்ல போடு”ன்னாரு.