தாலி கட்டிய நாள் முதல் இடப்பக்கம்

"பாக்குறது கண்ணு இல்லையாம். பின்மண்டையாம்."

கண்டியிலிருந்து மாத்தளை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் தன் மனைவியிடம் சொன்னார். அவர் மடியில் ஸ்கேன் உறை. நான் என் பின்மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"மெஷினுக்குள்ள படுக்க வச்சி, கறுப்பு வெள்ளைக் கட்டமா காட்டுனாங்க. நான் பாக்க பாக்க மூளையில எந்தெந்த இடம் வேலை செய்யுதுன்னு படம் எடுத்தாங்க. பின்னால வலது பக்கம் மட்டும் செத்துக் கெடக்காம். இடது பக்கத்தப் பாக்குறது அந்த எடந்தானாம்."

ஜன்னலோரம், அவருக்கு இடப்பக்கம் இருந்த மனைவி அந்த உறையைப் பார்த்தார்.

"அப்ப என்னையத் தெரியலயா?"

"திரும்புனாத் தெரியுது."

"தாலி கட்டுன நாள்ல இருந்து இந்தப் பக்கந்தானே நிக்கிறேன். சொல்லியிருக்கலாமில்ல."

"நீ அங்கதான் இருப்பேன்னு தெரியுந்தானே."

உக்குவளையில் பஸ் நின்றது. அந்த அம்மா எழுந்து, அவரை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு, அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"கோயில்லயும் இப்படித்தான் நிக்கப்போறியா? பாக்குறவங்க என்னா சொல்லுவாங்க?"

"அவங்க பாக்கவா நான் நிக்கிறேன்?"