தியோபிலஸ் மேல் சிந்திய மை

மைப்புட்டியைத் தட்டிவிட்டது என் முழங்கைதான், பேராயர் அவர்களே. பழியைப் பூனை மேல் போட்டேன், பூனை மறுக்கவில்லை.

மை சிந்தியது ரேவன்ஸ்கோம் பிரபு குடும்பத்தின் வம்சாவளித் தாளில். செல்லரித்துப்போன அந்தத் தாளைப் புதிதாகப் பார்த்தெழுதும் வேலையை, கையெழுத்து நன்றாயிருக்கிற பாவத்துக்கு, என் தலையில் கட்டியிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் பிள்ளை பிறக்கும்போதே பிழைப்பும் கூடப் பிறந்துவிடும். மூத்தவனுக்குப் பட்டமும் நிலமும். அடுத்தவனுக்கு ராணுவம். மூன்றாமவனுக்கு எங்கள் ஊர்த் தேவாலயம், அதோடு பாதிரியார் குடியிருக்கிற குருமனை, அதன் தெற்குச் சுவரோரம் காய்க்கிற பேரிக்காய் மரங்கள். பாதிரியாரை நியமிக்கும் உரிமை பிரபுவுடையது. மூன்றாமவன் லயனலுக்கு இருபத்துநாலு வயதாகும்வரை இடத்தைக் காத்துவைத்து, பிறகு சத்தமில்லாமல் எழுந்துபோக ஓர் ஆள் தேவைப்பட்டது; அது நான்தான். எஜமான் படுக்குமுன் படுக்கையைச் சூடாக்கி வைக்கிற கனல்சட்டி மாதிரி. ஊரில் எனக்குப் பெயரே கனல்சட்டிதான். பதினொரு வருஷம் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சட்டிக்குப் படுக்கை பிடித்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

மை மூடியது தியோபிலஸ் என்பவரின் வரியை. நூறு வருஷத்துக்கு முந்திய மூன்றாவது மகன். இதே தேவாலயத்தில் பாதிரியாராக இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, படுக்கையில் செத்தவர். புதுத்தாளில் அவர் முறை வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது: 'குதிரைப்படை அதிகாரி. போர்க்களத்தில் வீழ்ந்தார்.' ஒரே ஒரு வரி.

லயனலுக்கு அப்போது இருபத்திரண்டு. குதிரை என்றால் பயம். சனிக்கிழமைகளில் என்னிடம் கிரேக்கம் படிக்க வருவான்; படித்ததைவிடப் பேரிக்காய் தின்றது அதிகம். அவனிடம் தாளைக் காட்டினேன்.

"உங்க குடும்பத்துல மூணாவது பிள்ளை எல்லாரும் சர்ச்சுக்கு வந்துடலை போலிருக்கே, தம்பி."

அவன் அந்த வரியை வெகுநேரம் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியே மரங்களை.

"நான் வந்துட்டா நீங்க எங்க சார் போவீங்க?"

"கர்த்தர் வழி காட்டுவார்," என்று சொல்லிவிட்டு இருமினேன். இருமுவதில் எனக்குக் கொஞ்சம் திறமை உண்டு.

அடுத்த வசந்தத்தில் ருஷ்யாவோடு போர் மூண்டது. பிரபு பணம் கட்டிக் குதிரைப்படையில் அவனுக்குப் பதவி வாங்கினார். கிரிமியாவிலிருந்து வாள் மட்டும் திரும்பி வந்தது. நினைவு ஆராதனையை நானே நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன், பின்வரிசையில்கூட அழுதார்கள்.

அதற்குப் பிறகு பேரிக்காய்களை மரத்திலேயே அழுக விட்டேன். பையன் தானாக விரும்பித்தானே போனான் என்று பிரபுவிடம் கேட்டேன். "பார்லி இந்த வருஷம் பரவாயில்லை," என்றார். சீமாட்டியிடம் கேட்டேன். இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

கடைசியாகக் கல்லறைக்குழி வெட்டும் ஜோப். லயனலின் நினைவுக்கல்லுக்கு இடம் அளந்துகொண்டிருந்தான்.

"நான் எழுதின பொய்யை நம்பித்தான் அந்தப் பிள்ளை போனான், ஜோப்," என்றேன். ஒரு மனிதக் காதில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜோப் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு, பக்கத்துக் கல்லில் படர்ந்த பாசியைப் பூட்ஸால் தேய்த்தான். 'தியோபிலஸ். முப்பது ஆண்டுகள் இத்தேவாலயத்தின் குருவானவர்.' பதினொரு வருஷமாக அதைத் தாண்டித்தான் நான் நடந்திருக்கிறேன்.

"சின்னதுல இந்தக் கல்லு மேல குந்திக்கிட்டுத்தான் சின்னய்யா எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. நீங்க எழுதினது பொய்னு அவருக்குப் பாத்ததுமே தெரியும். எங்கிட்ட வந்து சொல்லிச் சிரிச்சாரு. 'பாவம், கேக்கத் தெரியாம கேக்குறாரு, ஜோப்'னாரு."

"அப்புறம் ஏன் போனான்?"

"உங்களுக்கு வீடு வேணும்னுதான்யா போனாரு."