அஞ்சு வரிப் பலகை

— இன்னைக்கு லொறித் தட்டுல ஆணி புடுங்குற வேலைதானே தச்சு பாஸ். ரம்பம் எதுக்கு? அலவாங்கும் சுத்தியலும் போதுமே.

— ரம்பம் எங்கூடவே வரும் மொதலாளி. வீட்டுல வெச்சா மருமவன் வெறகறுத்து பல்ல மழுக்கிருவான். அது கெடக்கட்டும். இந்தப் புதுப் பலகை எங்க எடுத்தது?

— கினிகத்தேனை மில்லுல. ஒம்பதும் பலான்னு சொன்னான்.

— அவன் சொன்னான், நீங்க கேட்டுக்கிட்டீங்க. ஒம்பதுல ரெண்டு சவுக்கு. மஞ்சளக் கரைச்சுத் தடவி வெச்சிருக்கான். விரல நனைச்சுத் தேச்சுப் பாருங்க.

— அல்லாவே. ஆமா பாஸ், விரல்ல ஒட்டுது.

— தேயிலைக்கு நெழல் குடுக்கத்தான் இந்த மலைச் சவுக்கு. லொறிக்குப் போட்டா ஒரு மழ தாங்காது. ராகலையில ஏத்துன கோவா மரக்கறியெல்லாம் நுவரெலியா போறதுக்குள்ள ரோட்டுல உருளும். ரெண்டையும் திருப்பி அனுப்புங்க. ஹலீம் மொதலாளின்னா ஏமாந்த ஆளுன்னு மில்லுக்காரன் இனி ஊரெல்லாம் சொல்லுவான்.

— ஏசுறத மெதுவா ஏசுங்க. கடையில ஆள் இரிக்கி.

— இருந்தா இருக்கட்டும். நான் ஒளிச்சுப் பேசுறவன் இல்ல. இங்க ஏறி வாங்க, காட்டுறேன். நடுவுல இந்த ஆறு பலகையும் மாவாப் போச்சு. அலவாங்கு வெக்கவே வேணாம், கையால அள்ளலாம். ஏன்னு தெரியுதா?

— கோவாத் தண்ணி விழுந்து விழுந்து.

— தண்ணி விழுந்தா உக்காது, தண்ணி நின்னாத்தான் உக்கும். நான் போட்டப்ப பலகைக்குப் பலகை ஒரு காசு நொழையிற அளவு விட்டுத்தான் போட்டேன். நடுவுல எவனோ பூந்து தாரு காச்சி ஊத்தி அடைச்சிருக்கான். யாரு அந்தப் புத்திசாலி?

— நான்தான்.

— சரிதான்.

— கீழால ரோட்டுத் தூசு வருதுன்னு ட்ரைவர் சொன்னான் பாஸ். அதான்.

— ட்ரைவர் சொன்னான், மில்லுக்காரன் சொன்னான். நல்லவேள, வேற எவனும் ஒண்ணும் சொல்லல. கீழ குறுக்குச் சட்டமெல்லாம் திடமாத்தான் இருக்கு. பட்டாளத்துக்காரன் போட்டது. உங்க வாப்பா ஏலத்துல எடுத்து வந்தப்ப மேல ஒரு பலகை கெடையாது, வெறும் எலும்புக்கூடு. சட்டத்துல பழைய எஞ்சின் எண்ணெயத் தடவிட்டு மேல பலகையப் போட்டா இருவது வருசம் ஓடும்.

— அப்ப வேலையப் பாருங்க. பத்து மணிக்குப் பைஸர் வண்டி அனுப்புவாரு. பழைய பலகையெல்லாம் அவர்ட பேக்கரிக்கு. ரொட்டி சுடுற போறணைக்கு வெறகு வேணுமாம், சரின்னு சொல்லிட்டேன்.

— எல்லாமா?

— எல்லாந்தான்.

— இந்தா, எடது ஓரத்துல கடைசியா இருக்கே, இந்த ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்.

— அது ஒண்ணுதான் பாஸ் உக்காம இரிக்கி. அத ஏன் கழட்டணும்? அப்பிடியே விட்டுட்டுப் புதுசு எட்டப் போடுங்களேன்.

— இல்ல. கழட்டணும்.

— நல்ல பலகைய எதுக்குக் கழட்டணும்?

— எனக்கு வேணும். கூலியில கழிச்சுக்கங்க.

— கூலி பேச்சில்ல பாஸ். நீங்க ஒரு ஆணிய சும்மா கேக்குற ஆள் இல்ல. காலையில இருந்து பாக்குறேன், அந்த ஓரத்துலயே குந்திக்கிட்டு இரிக்கிறீங்க. அதுக்குக் கீழ என்ன இரிக்கி?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாட்டி வண்டி வரட்டும், ஏத்தி விடுறேன்.

— மொதலாளி.

— சொல்லுங்க.

— சொன்னா இல்லன்னுருவீங்களோன்னு பயமாருக்கு. ஆள நம்பி நம்பித்தான் அறுவது வயசுல இப்பிடி நிக்கிறேன்.

— இல்லன்னு சொல்றதா இருந்தா நீங்க சொல்றதுக்கு முன்னமே சொல்லிடுவேன். பேசுங்க.

— வியாழக்கெழம நுவரெலியாவுல எனக்கு விசாரணை. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு ஆறு வருசமாச்சு. இது மூணாவது தடவ. இதோட சரின்னு விசாரிக்கிற துரை சொல்லிட்டாரு.

— என்ன கொறையாம்?

— நாப்பத்தாறு தை மாசம், தோட்டத்துல வேலை வாங்குற கண்டாக்கோட சண்ட. என் பேர வெட்டித் தோட்டத்த விட்டு வெரட்டிட்டாங்க. அடுத்த வருசம் திரும்பப் பதிஞ்சாங்க. நடுவுல பதினாலு மாசம் செக்ரோல் பதிவுல என் பேரு கெடையாது. அந்தப் பதினாலு மாசமும் நீ இந்தியாவுலதானே இருந்தன்னு துரை கேக்குறாரு. இல்லைங்க, ராகலையில லொறிக்குப் பலகை அடிச்சேங்கன்னேன். எழுத்துல என்ன இருக்குன்னாரு. பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளிய இருந்தாத்தான் மனு தள்ளுபடியாம். நடுவுல ஒரு மாசம் நான் இங்க இருந்தேன்னு காட்டிட்டா போதும்.

— வாப்பா கூலிக்குச் சீட்டு ஏதும் தரல்லயா?

— கையில காசு, எலையில சோறு. சீட்டு எதுக்கு? ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. தளம் போட்டா, கடைசிப் பலகைய அடிக்கிறதுக்கு முன்னால அடிப்பக்கம் ஒரு அடையாளம் வெச்சுத்தான் அடிக்கணும். எனக்கு எழுத்து வராது. மூணு கீறல் போடப் போனேன். உங்க வாப்பா, நில்லு அழகுமுத்து, நான் எழுதித் தாரேன்னு பென்சில எடுத்தாரு. அவரு எழுதுனாரு, நான் கம்பியப் பழுக்கக் காச்சி அந்தக் கோட்டு மேலயே சுட்டேன். எழுத்து வலப்பக்கத்துல இருந்து வந்துச்சு.

— அறபுத் தமிழ். பேச்சு தமிழ், எழுத்து அறபு. வாப்பாட கடைக் கணக்கெல்லாம் அதுதான்.

— அதான் சங்கடம். பலகைய கொண்டாரவான்னு துரையக் கேட்டேன். சிரிச்சாரு. அப்பறம், வாசிச்சு சத்தியம் பண்ண ஆளோட கொண்டான்னாரு.

— இதையா பாஸ் இவ்வளவு காலம் சொல்லாம இருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே கழட்டித் தந்திருப்பேனே.

— குடுத்திருப்பீங்களோ என்னமோ. ரெண்டு வருசமா, இந்தத் தட்டு சீக்கிரம் உக்கிப் போகணும் தாயேன்னு மாரியம்மாகிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன். நீங்க தார ஊத்துனது அவ செஞ்ச வேலையாத்தான் இருக்கும்.

— புடிங்க அந்தப் பக்கம். கழட்டித் திருப்புவோம்.

— மெதுவா. ஆணி இருக்கு. ம், தொடைங்க. நல்லாத் தொடைங்க.

— அப்பிடியே இரிக்கி பாஸ். நேத்து சுட்ட மாதிரி. என்ட வாப்பாட கைதான் இது, இந்த வளைவ எங்க கண்டாலும் தெரியும்.

— வாசிங்க.

— ஹிஜ்ரி ஆயிரத்து முன்னூத்து அறுபத்தஞ்சு, றஜப் மாசம். வெள்ளைக்காரன் கணக்குல நாப்பத்தாறு, ஜூன் வரும். ராகலைக் கடை லொறிக்கு இந்தத் தட்டுப் போட்டவர் தச்சர் அழகுமுத்து. ஒரு மாசம் கடையிலேயே தங்கி வேலை செய்தார். அவ்வளவுதான் பாஸ். போதுமே உங்களுக்கு. ஜூன் மாசம் அந்தப் பதினாலு மாசத்துக்கு நடுவுல வருது. துரை வாயே தொறக்க மாட்டாரு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— நீங்க விரல் வெச்சு வாசிச்சது மூணு வரி. நான் சுட்டது அஞ்சு.

— கீழ கொஞ்சம் அழிஞ்ச மாதிரி இரிக்கி.

— நான் சுட்டது அழியாது. பலகைய வெளிச்சத்துக்குத் திருப்புறேன், பாருங்க.

— வேணாம் பாஸ்.

— ஏன்? என்ன மொதலாளி, கையால மூடுறீங்க?

— ஒரு நிமிசம் இருங்க.

— வண்டி வந்துரும்.

— வரட்டும். பாஸ், என்ட கையில பிரஜாச் சீட்டு இரிக்கி தெரியுமா? ரெண்டு வருசத்துக்கு முன்ன கெடைச்சது. கீழக்கரையில பொறந்தவன் நான். ஆனா சின்னதுல வந்த நாள்ல இருந்து இந்த நாட்ட விட்டு எங்கயும் போகல்லன்னு சத்தியக் கடதாசி குடுத்துத்தான் எடுத்தேன்.

— ம்.

— நாலாவது வரிய வாசிக்கிறேன், கேளுங்க. மகன் ஹலீம் ஊருக்குப் போய் ரெண்டு வருசமாகுது.

— ம்.

— உம்மாக்கு சுகமில்லன்னு போனேன். உலகச் சண்டைக் காலம். ரெண்டு மாசத்துல வாரேன்னு போனவன் ரெண்டரை வருசம் மாட்டிக்கிட்டேன். வந்து எறங்கினப்ப வாப்பா மவுத்தாகி நாப்பது நாள். இது துரைட கண்ணுல பட்டா என்ட சீட்டு போயிடும் பாஸ். கடை போயிடும், லொறி போயிடும். பொய்ச் சத்தியத்துக்கு மறியல்ல அடைச்சாலும் அடைப்பாங்க.

— அஞ்சாவது வரி?

— அதுல ஒண்ணுமில்ல.

— வாசிங்க.

— அவன் திரும்பி வந்தா இந்த லொறிய அவனே ஓட்டட்டும்.

— கண்ணத் தொடைங்க. கடையில ஆள் இருக்கு.

— இவ்வளவு காலம் இது மேலதானே பாஸ் கோவா ஏத்தினேன். வாப்பா என்னோட கோவத்துல போனதா நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

— அப்ப பலகை பேக்கரிக்கா?

— உங்களுக்கு என்ன ஆகும், தள்ளுபடியானா?

— எனக்கென்ன. எங்க போட்டாலும் வேகும். எம்மவ பூரணி பேரும் அதே மனுவுலதான் இருக்கு. கப்பல் ஏறிப் போன்னு சொன்னா எங்க போவா? அவ கடலையே பாத்ததில்ல. பண்டாரவளைக்கு அங்கிட்டு எதுவும் தெரியாது.

— பலகைய எடுங்க பாஸ். வியாழக்கெழம நான் வாரேன்.

— வந்து?

— வந்து வாசிப்பேன்.

— மூணு வரியா, அஞ்சு வரியா?

— குர்ஆன்ல கை வெக்கச் சொல்லிட்டு, பலகையில உள்ளத முழுக்க வாசின்னுதான் கேப்பாரு. உள்ளத வாசிக்காம இரிக்க என்னால ஏலாது. ஒரு பொய்ச் சத்தியம் போதும். பொறகு அல்லா விட்ட வழி.

— பலகைய எறக்கி இந்த முட்டு மேல வைங்க. ஆங், அப்பிடி. மொதலாளி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க வாப்பா சும்மா எழுதல. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுனாரு, நாலாவது வரியில பென்சில ரெண்டு தடவ சீவுனாரு. அஞ்சு வரியும் பதினோரு வருசமா எனக்கு மனப்பாடம்.

— தெரிஞ்சுக்கிட்டா என்னைய வாசிக்க வெச்சீங்க?

— வேற எப்பிடி ஆளப் பாக்குறது? மூணோட நிறுத்தியிருந்தா முழுப் பலகையையும் தூக்கிக்கிட்டு இந்த எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச ஹற்றன் பள்ளிவாசல் லெப்பைகிட்டப் போயிருப்பேன். உங்க சீட்டு என்னவாப் போனா எனக்கென்னன்னு.

— அல்லாவே. இப்ப?

— இப்ப என்ன. மேல மூணு வரி எனக்கு எழுதுனது. கீழ ரெண்டு வரி உங்களுக்கு எழுதுனது, வீட்டுக்குள்ள கொண்டு போய் வைங்க. ஆணி புடுங்குற நாளுல ரம்பம் எதுக்குன்னு காலையில கேட்டீங்களே, அந்தப் பக்கத்த ஆடாமப் புடிங்க.