கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியவன்

— முபாரிஸ் எங்க, ஸஹ்றா தங்கச்சி? ஒண்ட மாப்பிள ஆம்பிளயெண்டா வெளிய வரச் சொல்லு.

— மெல்லக் கதைங்க, அக்மல் நானா. நம்மட உம்மா இப்பதான் கண்ணயர்ந்தாங்க. அவர் மருந்தெடுக்க முந்தலுக்குப் போயிட்டார்.

— முந்தலுக்கா? நேத்து அந்த ஊர் மைதானத்திலதானே எண்ட மானத்த வாங்கினான். கயிறிழுக்க ஆறு மாசம் எண்ட ஜிம்முல பழக்கினன். அந்தத் தோளப் பாத்துத்தான் நம்மட ஊர் பள்ளிவாசல்துறையே அவனுக்கு மரியாத குடுத்திச்சு. எதிர் அணிக்கு ஒரு இழுவ, எங்களுக்கு ஒரு இழுவ. கடைசி இழுவைக்கு ரெண்டு நிமிசம் இரிக்கக்குள்ள பொண்டாட்டி போன் பண்ணினாளாம், கயித்தப் போட்டிட்டு ஓடுறான்.

— அதுக்குத்தான் மைக்கப் புடிச்சு, ‘பொண்டாட்டிட சீலைக்குள்ள ஒளியிறவன்’ எண்டு சொன்னீங்களோ?

— ஓம், சொன்னன். இன்னமும் சொல்லுவன். வாயத் திறந்து ஒரு காரணம் சொன்னானா?

— சொல்லிக்கிட்டு நிக்க நேரமில்ல. உம்மா சுவரப் புடிச்சுக்கிட்டுத் தனியப் போய், குளிக்கிற எடத்தில விழுந்து கெடந்தாங்க. தலையெல்லாம் ரத்தம். வாதம் வந்த ஒடம்ப நான் தனியத் தூக்கேலுமா?

— விழுந்தாங்களா? எனக்கேன் சொல்லல்ல?

— முதல்ல ஒங்களுக்குத்தான் போன் எடுத்தன். மூணு தரம். மூணு தரமும் லைன வெட்டினீங்க.

— போட்டி நேரம். நீ சும்மா எடுக்கிறாய் எண்டு நெனச்சன். பக்கத்து வீட்டு ஆம்பிளயளக் கூப்பிட்டிருக்கலாமே.

— எல்லாரும் ஒங்கட கயிறு பாக்க வந்திட்டாங்க. அவர்தான் த்ரீவீல்ல வந்து, உம்மாவக் கையில ஏந்திக்கிட்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஏழு தையல். நேத்து மட்டுமா? ஒண்டர வருசமா ஒவ்வொரு நாளும் விடிய சுபஹுத் தொழுகைக்கு முந்தி உம்மாவத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி விடுறவர் அவர்.

— எனக்கு இதெல்லாம் தெரியாது.

— எப்படித் தெரியும்? வெள்ளிக்கெழம தோடம்பழப் பையோட வருவீங்க, கதிரையில இருப்பீங்க, பத்து நிமிசத்தில போயிடுவீங்க. நேத்தே ஊருக்கு முன்னால வந்து கேக்கத்தான் வெளிக்கிட்டன். அவர் விடல்ல. ‘ஒண்ட நானாக்கு ஊருக்குள்ள இரிக்கிற மரியாதயக் கெடுக்காத’ எண்டார்.

— அவனா சொன்னான்?

— ஓம். நீங்க மைக்கில பேசினதக் கேட்டிட்டு வந்த மனுசன்தான்.

— வழிய விடு, ஸஹ்றா. நான் உம்மாவப் பாக்கணும். மகன் வந்திரிக்கான் எண்டு சொல்லி எழுப்பு.

— எழுப்பிறன் நானா. ஆனா ஒங்கட பேரச் சொல்லித்தான் எழுப்பணும். மகன் எண்டா அவங்க முபாரிஸத் தேடுவாங்க.