நல்ல குழந்தையின் நிறம்

எனக்குச் சட்டை எடுக்க என் மனைவி சௌம்யாதான் கூட வர வேண்டும். நானாகப் போனால் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை வாங்கிவந்து, அது நீலம் என்று சாதிப்பேன். இப்பேர்ப்பட்டவன்தான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அச்சுக்குப் படம் தயார்செய்யும் கடை வைத்து, போர்டில் 'கலர் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதிக்கொண்டவன். வேறு யாரும் எழுதித் தரமாட்டார்கள் சார்.

வேலை இதுதான். கம்ப்யூட்டர் திரையில் நிறம் வெளிச்சத்தால் வருகிறது. தாளில் நான்கு மைகளால் வர வேண்டும். மாற்றும்போது பளபளப்பு செத்துவிடும். எது எவ்வளவு சாகலாம் என்று முடிவு செய்வதுதான் என் பிழைப்பு.

தொண்ணூற்றெட்டில் உங்கள் ஆஸ்பத்திரி ஓர் அட்டை கேட்டது. பிரசவமாகி வீட்டுக்குப் போகும் பெண்களுக்குக் கொடுக்க. இடப்பக்கம் நல்ல குழந்தையின் படம், வலப்பக்கம் மஞ்சள் காமாலை கண்ட குழந்தை. பிள்ளையின் பக்கத்தில் அட்டையை வைத்துப் பார்த்து, வலப்பக்கம் மாதிரி இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.

மை நிறத்துக்கு மாற்றியதும் நல்ல குழந்தை சாம்பல் பூத்துப்போனது. பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்சம் மஞ்சள் ஏற்றினேன், உயிர் வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், தங்க விக்கிரகம் மாதிரி ஆனது. என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்தேன்.

சோதனைப் பிரதியைப் பார்க்க உங்கள் நர்ஸ் பிரிஜெட் வந்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, நல்லா கீற கொழந்தையே மஞ்சளா தெரியுதே?"

"ஸ்க்ரீன்ல பாருங்க சிஸ்டர். ரோஜாப்பூ மாதிரி இல்ல? பிரஸ்ல அடிக்கும்போது இந்த ஸ்க்ரீன் மாதிரியேதான் வரும்."

"நெஜமாவா? எனக்கு என்னமோ பயமா கீதுண்ணா."

"கலர் என் வேலை சிஸ்டர். ஊசி போடறதுதான் உங்க வேலை."

திரையில் நான் காட்டியது மாற்றாத பழைய படம். அச்சில் அப்படி வராது என்று எனக்குத் தெரியும். திருத்துவது ஒரு டீ ஆறுகிற நேரத்து வேலை. ஆனால் ஒரு நர்ஸ் சொல்லி நான் திருத்தியதாக ஆகிவிடுமே. அவர் சோதனைப் பிரதியில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆனேக்கல்லில் வீணா என்ற பெண் தன் பிள்ளை மஞ்சளாகிறதே என்று பயந்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். "பாருங்க அத்தே, நல்ல கொழந்த கலரேதான் நம்ம பையன்" என்று மாமியாரிடம் காட்டிச் சிரித்திருக்கிறாள். பிறகு பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியதும்தான் தூக்கிவந்தாள். உயிர் பிழைத்தான். காது கேட்காது, கழுத்து நிற்காது என்று டாக்டர் சொன்னாராம். அட்டை இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போனது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் விசாரணையில் பிரிஜெட்டின் கையெழுத்தைக் காட்டினேன். அவருக்கு வேலை போனது. உங்கள் கேட்டுக்கு வெளியே நின்று அழுதார். பாவமாக இருந்தது. அன்று மத்தியானம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அதாவது, இரண்டாம் தடவை சாம்பார் கேட்கவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன் சார். தெரிந்தேதான் செய்தேன். மனசு லேசாகிவிட்டது. பிரிஜெட்டைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். எதற்கும் யோசித்துச் செய்யுங்கள். தன் கண்ணில் பட்டதை விட்டுவிட்டு என்னைப் போன்ற ஒருவனின் பேச்சை நம்பியவர். அவரை நம்பிக் குழந்தைகளை எப்படி விடுவது?