பிஸ்கட் டப்பாவில் எட்டுச் சீட்டுகள்

இந்த அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது ஐயா. ஆறு மாதம் பனிக்குள் கிடந்தவனுக்கு இதுவே பெரிய சௌகரியம்.

ரேடியோக்காரன் விசில் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

மலை உச்சிக் காவல் நிலையில் நாங்கள் எட்டுப் பேர். பனி விழுந்து பாதை மூடினால் ஆறு மாதம் யாரும் வர முடியாது, போக முடியாது. நான் மருத்துவன். உடம்பைவிட எல்லோர் மனசையும் கவனிப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சனிக்கிழமைதோறும் ஆளுக்கொரு சீட்டு கொடுப்பேன். 'யாருடன் காவலுக்குப் போக விருப்பமில்லை?' என்று ஒரே கேள்வி. எழுதி மடித்து, காலி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். நானும் ஒன்று போடுவேன். பிரித்துப் பார்ப்பது நான் மட்டும்தான்; பார்த்ததும் வாரவாரியாகக் கட்டி அதே டப்பாவில் வைப்பேன். முடிவைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது விதி.

இரண்டாம் மாதத்தில் எல்லோரும் எலியும் பூனையுமானார்கள். கம்பளியை உதறினால் சண்டை, இருமினால் சண்டை. அபாய மணி அடித்துப் பயிற்சி வைத்தால், அவரவர் இடத்துக்கு வந்து சேரப் பதினோரு நிமிடம். எதிரி வந்திருந்தால் எங்களைக் கம்பளியோடு சுருட்டிக்கொண்டு போயிருப்பான்.

அந்தச் சமயத்தில் ரேடியோக்காரன் பேட்டரியை வெளியே மறந்து வைத்துவிட்டான். வேலை செய்யும்போது சீட்டியடித்துக்கொண்டே இருப்பான், அதனால் அவனுக்கு விசில் என்று பேர். பேட்டரி உறைந்துபோய் ஒரு வாரம் யாரும் வீட்டோடு பேச முடியவில்லை. எல்லோரும் ஒன்றுகூடி அவனைத் திட்டினார்கள். அந்த வாரப் பயிற்சி ஏழு நிமிடத்தில் முடிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது.

ஆனால் பத்து நாளில் கோபம் ஆறிவிட்டது. மறுபடியும் பத்து நிமிடம். அதனால் சமையல்காரனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"உனக்குள்ளயே வச்சுக்க. சீட்டுல பாதிப் பேரு விசில் பேரத்தான் எழுதுறாங்க."

அவன் வாய் எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் எல்லோர் காதுக்கும் போய்விட்டது. நான் சொன்னது பொய். அந்த வாரம் விசில் பேரை ஒருவர்கூட எழுதவில்லை. ஆனால் மற்றவர்களுக்குப் பிடிக்காதவனோடு ஒட்டி நிற்க யாருக்கு மனம் வரும்? ஒவ்வொருவராக அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார்கள். சாப்பாட்டு மேசையில் அவன் தட்டு கடைசிக்குப் போனது. சீட்டியும் நின்றது. பயிற்சி ஆறரை நிமிடம்.

ஒருநாள் மருந்து அறைக்கு வந்தான்.

"டாக்டர், யாருன்னு சொல்ல வேணாம். எத்தன பேருன்னு மட்டும் சொல்லுங்க."

"ஆறு பேரு."

மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். "அப்ப ஒருத்தர் எழுதல. அது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

மலை விளிம்பில் நிற்கும் ஆன்டெனாவில் பனி ஏறினால் இருவர் போக வேண்டும். ஒருவர் சுரண்டும்போது மற்றவர் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பார். ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விசில் கயிற்றோடு ஒவ்வொரு அறையாகப் போனான். எல்லோருக்கும் ஏதோ வேலை இருந்தது. கடைசியாக என்னிடம் வந்தான்.

"நீங்களாவது வர்றீங்களா டாக்டர்?"

நான் போயிருந்தால் மற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? மூன்று மாதமாகக் கட்டியது ஒரே நாளில் சரிந்திருக்கும். அறிக்கை எழுத வேண்டும், நீ போ என்றேன். கயிற்றை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி விளிம்பு அவனோடு உடைந்து விழுந்தபோது மணி ஒன்பது இருபது. அபாய மணியை அடித்தேன். ஆறு பேரும் ஐந்தே நிமிடத்தில் வந்து நின்றார்கள். அவ்வளவு வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதையும் அறிக்கையில் குறித்திருக்கிறேன்.

டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆமாம், நான் சமையல்காரனிடம் பேசிய வாரத்துச் சீட்டுகளில், ஆறில் இருப்பது என் பேர்தான். விசில் போட்டது வெறும் சீட்டு. அடுத்த வாரத்திலிருந்து என் பேர் வரவே இல்லை. அதற்காகத்தான் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. குழுவுக்காகச் செய்தேன்.